‘கைவேலைதான் வரும்’ என்று யார் சொன்னது?

(மாலைநேரப் படிப்பகங்களில் பாடம் சொல்லிக்கொடுக்கும் தோழர்கள் ஆவூரில் கூடியபோது பேசியதன் எழுத்து வடிவம்.)



எனக்குக் கொடுத்திருக்கிற தலைப்பு ‘மாணவர்களின் கற்றல் பாணிகளை வளர்த்தலும் விரிவாக்கலும்’. இங்கே பி.எட். படித்த தோழர்கள் நாலைந்து பேர் இருக்கிறீர்கள். உங்களுக்கு ‘கற்றல் பாணி’ பழகிய சொல். தேர்வில் பத்து மதிப்பெண்ணுக்கு எழுதியிருப்பீர்கள். மற்றவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சில பிள்ளைகள் கண்ணால் பார்த்தால் கற்பார்கள், சிலர் காதால் கேட்டால் கற்பார்கள், சிலர் கையால் செய்தால்தான் கற்பார்கள். எந்தப் பிள்ளை எந்த வகை என்று கண்டுபிடித்து அந்த வழியிலேயே பாடம் நடத்தினால் நன்றாகப் படிப்பார்கள். கருத்து இவ்வளவுதான்.

போன வாரம் நம் வாட்ஸ்அப் குழுவில் ஒரு தோழர் ஒரு கேள்விப் படிவத்தைப் பகிர்ந்திருந்தார். நியூசிலாந்துக்காரர் நீல் ஃபிளெமிங் உருவாக்கிய ‘வார்க்’ படிவத்தின் தமிழாக்கம் அது. பதில்களைக் கூட்டிப் பார்த்தால் கடைசியில் பிள்ளைக்கு ஒரு பெயர் கிடைக்கும். அந்தத் தோழர்மீது எனக்குக் குறையே இல்லை. ஆறாம் வகுப்புக்கு வந்தும் எழுத்துக்கூட்டிப் படிக்கிற பிள்ளைகளை மாலை ஆறு மணிக்கு உட்கார வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தவிக்கிறவருக்கு, கையில் கிடைத்த எதுவும் உதவியாகத்தான் தெரியும். ஆனால் தலைப்பில் பாதியைத்தான் நான் ஏற்றுக்கொள்கிறேன். ‘விரிவாக்கல்’ எனக்கு வேண்டும். ‘பாணி’யைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று நினைக்கிறேன். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் ஆய்வு என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 2004இல் பிரிட்டனில் ஃபிராங்க் காஃபீல்டும் அவருடைய குழுவினரும் இந்தப் பாணிக் கோட்பாடுகளை எண்ணிப் பார்த்தார்கள். 71 வகையான மாதிரிகள் புழக்கத்தில் இருந்தன. எழுபத்தொன்று! ஒரு மாதிரிக்கும் இன்னொன்றுக்கும் பொருத்தம் கிடையாது. 2008இல் அமெரிக்க உளவியலாளர்கள் ஹெரால்டு பாஷ்லர், மார்க் மெக்டானியல், டக் ரோரர், ராபர்ட் பியார்க் ஆகிய நால்வரும் நேரான ஒரு கேள்வியைக் கேட்டார்கள். ‘பார்த்துக் கற்பவர்’ என்று பெயர் சூட்டிய பிள்ளைக்குப் படமாகக் காட்டியும், ‘கேட்டுக் கற்பவர்’ என்று பெயர் சூட்டிய பிள்ளைக்குச் சொல்லாகச் சொல்லியும் நடத்தினால், மாற்றி நடத்துவதைவிடக் கூடுதலாகக் கற்கிறார்களா? அப்படிக் கற்பதைக் காட்டும் தகுந்த சான்று ஏறக்குறைய இல்லை என்பதுதான் அவர்கள் கண்டது. பிள்ளைகளுக்கு விருப்பு வெறுப்பு இருக்கிறது, அதை யாரும் மறுக்கவில்லை. எனக்கும் படம் போட்ட புத்தகம்தான் பிடிக்கும். பிடிப்பது வேறு, மண்டையில் தங்குவது வேறு.

சான்று இல்லாவிட்டால் என்ன, நல்லெண்ணத்தோடு செய்வதால் கெடுதல் வந்துவிடுமா என்று கேட்கலாம். வருகிறது. 2023இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளியானது. பெற்றோர், ஆசிரியர், குழந்தைகள் மூன்று தரப்பிடமும் இரண்டு பிள்ளைகளைப் பற்றிச் சொன்னார்கள். ஒரு பிள்ளை பார்த்துக் கற்கிற வகை, இன்னொன்று கையால் செய்து கற்கிற வகை. வேறு எந்தத் தகவலும் கிடையாது. இரண்டில் யார் அறிவாளி என்று கேட்டபோது, பார்த்துக் கற்கும் பிள்ளைதான் அறிவாளி என்று மூன்று தரப்புமே சாய்ந்தார்கள். சாதி என்ற சொல்லே அறியாத பலர் வாழும் ஊரில், கை என்ற ஒரு சொல்லே ஒரு பிள்ளையின் மதிப்பைக் குறைத்துவிடுகிறது. நம் ஊரில் என்ன ஆகும்?

நம் ஊரில் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். நான் படித்த பள்ளியில் ஆண்டுவிழா வந்தால் பேச்சுப் போட்டிக்கு எந்தத் தெருப் பிள்ளைகள், கும்மிக்கும் கோலாட்டத்துக்கும் எந்தத் தெருப் பிள்ளைகள் என்பது யாரும் சொல்லாமலே பிரிந்திருக்கும். ஒருமுறை எங்கள் தெருப் பிள்ளைகள் ஐந்து பேர் கட்டுரைப் போட்டிக்குப் பெயர் கொடுக்கப் போனோம். ஆசிரியர் திட்டவெல்லாம் இல்லை. சிரித்துக்கொண்டே, அன்பாகத்தான் சொன்னார்: “உங்க பிள்ளைகளுக்குக் கைவேலை நல்லா வருமேம்மா, மேடை அலங்காரத்த நீங்க பாத்துக்கங்க.” அந்த ‘உங்க’ இருக்கிறதே, அது எத்தனை பேருக்குப் பன்மை என்பது பத்து வயதில் எங்களுக்கு நன்றாகவே புரிந்தது. மேடையை அலங்கரித்தோம். நன்றாகத்தான் செய்தோம்! அதுதான் இந்தப் பெயர்களில் உள்ள சிக்கல். ஒன்றை மட்டுமே திரும்பத் திரும்பச் செய்யவிட்டால் யாருக்கும் அது நன்றாக வந்துவிடும். பிறகு, பார்த்தாயா, அவர்களுக்கு இயல்பிலேயே வருகிறது என்று சொல்லிவிடலாம்.

இதற்கு நம் மாநிலத்தில் ஒரு வரலாறு உண்டு. 1953இல் ராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளுக்கு ஒரு திட்டம் கொண்டுவந்தார். பள்ளிக்கூடம் நாளுக்கு மூன்று மணி நேரம். மீதி நேரம் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழக வேண்டும். பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் இதைக் குலக்கல்வித் திட்டம் என்று அழைத்து எதிர்த்தார்கள். 1954இல் ராஜாஜி பதவி விலகி காமராசர் முதல்வரானதும் திட்டம் கைவிடப்பட்டது. இவ்வளவும் நம் கூட்டங்களில் அடிக்கடி கேட்டதுதான். ஆனால் அந்தத் திட்டத்துக்கு ஆதரவாகப் பேசியவர்கள் எந்த மொழியில் பேசினார்கள் என்பதை நாம் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. உன் அப்பன் தொழிலைச் செய் என்று மொட்டையாக யாரும் சொல்லவில்லை. ஏட்டுக் கல்வி மட்டும் கல்வியாகாது, செய்து கற்பதே உயர்ந்தது, கிராமமே பள்ளிக்கூடம் என்றெல்லாம் பேசினார்கள். இன்றைக்கு ஒரு கல்வியியல் கருத்தரங்கில் இதே வரிகளைச் சொன்னால் கைதட்டு விழும்.

செய்து கற்பது நல்லதுதான். நான் அதற்கு எதிரி இல்லை. அது யாருக்கு, எதற்குப் பதிலாக என்பதுதான் கேள்வி. வசதியான பள்ளியில் ஒரு பிள்ளை மண்பாண்டம் செய்து பழகுகிறது என்றால், அது கணக்கும் ஆங்கிலமும் படித்த பிறகு கூடுதலாகக் கிடைக்கிற ஒன்று. வேளார் வீட்டுப் பிள்ளைக்குக் கணக்குக்குப் பதிலாகச் சக்கரத்தைக் கொடுப்பதற்கும் அதற்கும் ஒரே பெயர் வைத்தால் எப்படி? 2023 செப்டம்பரில் ஒன்றிய அரசு தொடங்கிய விஸ்வகர்மா திட்டம் 18 வயதிலேயே பிள்ளைகளைக் குடும்பத் தொழிலுக்கு அழைக்கிறது. கல்லூரி வாசலில் நிற்க வேண்டிய வயது அது. அப்படியே இங்கே செயல்படுத்த மாட்டோம் என்று தமிழ்நாடு அரசு சொன்னது சரியானதே.

அண்ணல் அம்பேத்கரின் பள்ளி நாட்களிலிருந்து ஒரு நிகழ்ச்சி. சதாராவில் அவர் வீட்டிலிருந்து கோணிப்பை கொண்டுபோய் உட்கார்ந்தது எல்லோருக்கும் தெரியும். அவருடைய வாழ்க்கை வரலாற்றில் இன்னொன்றும் வருகிறது. ஆசிரியர் ஒருநாள் அவரைக் கரும்பலகையில் கணக்குப் போடக் கூப்பிட்டார். உடனே வகுப்பே எழுந்து ஓடியது. கரும்பலகைக்குப் பின்னால் அவர்களுடைய சாப்பாட்டு டப்பாக்கள் இருந்தன. இவர் பலகையைத் தொடுமுன் டப்பாக்களை எடுத்தாக வேண்டும். சமஸ்கிருதம் படிக்க விரும்பியபோது அதையும் மறுத்து, பாரசீகம் எடுக்க வைத்தார்கள். அந்த வகுப்பில் இந்தப் படிவத்தைக் கொடுத்து, பீமாராவ் எந்த வகை மாணவர் என்று கணித்திருந்தால் என்ன விடை வந்திருக்கும்? வாயைத் திறக்காத, பலகைக்குப் போகாத, ஓரமாக உட்கார்ந்து புத்தகம் மட்டும் பார்க்கிற பையன். ‘வாசித்துக் கற்பவர்’ என்று எழுதியிருப்பார்கள். அவருக்கு மூடிவைத்த கதவுகளின் பட்டியலை அவருடைய இயல்பு என்று எழுதியிருப்பார்கள்.

கரும்பலகை என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் தொடங்கி, 2007-08 கல்வியாண்டில் மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்த செயல்வழிக் கற்றல் முறை உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். ரிஷிவேலிப் பள்ளியின் அனுபவத்திலிருந்து எடுத்து, எம்.பி. விஜயகுமார் என்ற ஆட்சிப்பணி அதிகாரி முனைந்து கொண்டுவந்தது. அட்டைகள், ஏணிப்படிகள், பாயில் வட்டமாக உட்கார்ந்த பிள்ளைகள், அவர்களோடு தரையில் உட்கார்ந்த ஆசிரியர். குறைகள் நிறைய இருந்தன. அட்டைகள் கிழிந்து போயின. பல இடங்களில் பாடத்தைவிடப் பதிவேடு பெரிதானது. ஆனால் அதில் எனக்கு மிகவும் பிடித்தது சுவரின் அடியில் அடித்திருந்த கரும்பலகைதான். பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்தில், சுற்றிலும், ஆளுக்கொரு கட்டம். யாரும் கூப்பிட வேண்டாம், யார் டப்பாவையும் எடுக்க வேண்டாம். உன் இடத்தில் நீ எழுது. சாதி ஒழிப்பு என்று அதில் எங்கும் எழுதியிருக்கவில்லை. ஆனாலும் அந்தக் கட்டம் நிறைய வேலை செய்தது.

இப்போது 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைகள். அழகான பெயர்கள். அந்தந்தப் பிள்ளை இன்றைக்கு எங்கே நிற்கிறது என்று அறிந்து, அங்கிருந்து மேலே கூட்டிப்போகும் ஏற்பாடு. ஆனால் பேச்சுவழக்கில் “அவன் அரும்பு சார்” என்றாகிவிடுகிறது. இன்று நிற்கும் படி நாளைக்கு ஆளின் பெயராகிவிடுகிறது. நம் சமூகத்துக்கு எதையும் பிறப்பாக மாற்றிவிடும் பழக்கம் இருக்கிறது. அதனால்தான் பெயர் வைப்பதில் நாம் மற்றவர்களைவிடக் கூடுதலாக எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

இனி நம் மாவட்டத்துக்கு வருகிறேன். உங்களுக்கு நான் சொல்ல வந்ததே இதுதான்.

1991, 92ஆம் ஆண்டுகளில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் நடந்தது. ஷீலா ராணி சுங்கத் மாவட்ட ஆட்சியர். தமிழ்நாடு அறிவியல் இயக்கத் தோழர்கள் ஊர் ஊராகப் போனார்கள். தெருவிளக்கின் அடியில், திண்ணையில், களத்தில் வகுப்பு. வந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். எழுத்தோடு கூடவே சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றார்கள் என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். பெண்கள் சைக்கிள் போதுமான அளவு கிடைக்காததால் ஆண்கள் சைக்கிளையே ஓட்டினார்கள் என்பதும், நடுவில் இருக்கிற கம்பியில் குழந்தையை உட்கார வைத்துக்கொள்ளலாம் என்பதால் அதையே விரும்பியவர்களும் உண்டு என்பதும் அவர் எழுதியதுதான். குடுமியான்மலைப் பக்கம் கல் உடைத்த பெண்கள் சைக்கிளில் வேலைக்குப் போனார்கள். கொஞ்ச காலம் பெண்கள் குழுக்களே குவாரிகளைக் குத்தகைக்கு எடுத்து நடத்தினார்கள்.

குடுமியான்மலையில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்கிறார்கள். இசைப் பாடம், சுரங்களை வரிவரியாகக் கிரந்த எழுத்தில் பாறையில் வெட்டியிருக்கிறார்கள். எதற்காக வெட்டினோம் என்பதையும் அதிலேயே எழுதியிருக்கிறார்கள், மாணவர்களின் நன்மைக்காக என்று. ஆயிரத்து முந்நூறு ஆண்டுக்கு முன்னால் பாறையில் பாடப்புத்தகம்! அதே வட்டாரத்தில் அதே பாறையை உடைத்த பெண்களுக்கு ‘அ’ என்ற எழுத்து 1991இல்தான் போய்ச் சேர்ந்தது. காதுக்குரிய இசையைக்கூடக் கண்ணால் பார்க்க வேண்டியவர்களுக்காக எழுத்தில் வைக்கத் தெரிந்த சமூகம் இது. பல வழிகளில் கற்பிக்கத் தெரியாமல் இல்லை. யாருக்கு என்பதில்தான் எப்போதும் கணக்கு.

என் அம்மா அந்த அறிவொளியில் படித்தவர். கல்லுடைத்தவர். கையெழுத்துப் போடவும், பஸ் பெயர் வாசிக்கவும், ஒரு பக்கக் கடிதம் எழுதவும் அந்த ஒன்றரை வருடத்தில் கற்றார். சைக்கிளும் கற்றார். நான் அதற்குப் பிறகு பிறந்தவள். எனக்கு விவரம் தெரிந்த நாளில் அம்மா சைக்கிளில் பறப்பார். ஆனால் எழுத்து அவருக்கு மங்கிவிட்டிருந்தது. கையெழுத்து மட்டும் மிச்சம். இப்போதும் அப்படித்தான்.

‘கற்றல் பாணி’க்காரர்கள் இதற்கு உடனே ஒரு விளக்கம் வைத்திருப்பார்கள். உங்கள் அம்மா உடலால் கற்பவர், எழுத்து அவருடைய வழி இல்லை என்பார்கள். நான் முனைவர் பட்டத்துக்குக் களஆய்வு செய்துகொண்டிருந்த சமயத்தில் அம்மாவிடமே கேட்டேன், ஏம்மா சைக்கிள் மறக்கல, எழுத்து மறந்துபோச்சு என்று. அம்மா யோசிக்கவே இல்லை. “சைக்கிள்ல தெனமும் ஏறுனேன். பேனாவ அதுக்கப்பறம் யாரு என் கையில குடுத்தா?”

அறிவொளி முடிந்த பிறகு அந்தப் பெண்களுக்குத் தொடர்ந்து வாசிக்கப் புத்தகம் வரவில்லை. தினசரி எழுத வேண்டிய அவசியம் அவர்கள் வேலையில் இல்லை. கூலி நோட்டை இன்னொருவர் எழுதினார். ரேஷன் கடையில் இன்னொருவர் எழுதினார். மனு எழுத ஆள் இருந்தார். தண்ணீர் எடுக்க, வேலைக்குப் போக, பிள்ளையை ஆசுபத்திரிக்குக் கொண்டுபோகச் சைக்கிள் தினமும் தேவைப்பட்டது. ஒன்றைத் திரும்பத் திரும்ப நினைவிலிருந்து எடுத்துப் பயன்படுத்த வேண்டி வந்தால் அது தங்கும், வராவிட்டால் போகும். இதைத்தான் உளவியலாளர்கள் சோதனைக் கூடத்தில் கண்டார்கள். 2006இல் ரோடிகர், கார்பிக் என்ற இருவர் மாணவர்களை ஒரு பகுதியை வாசிக்கச் சொன்னார்கள். ஒரு பிரிவினர் அதையே திரும்ப வாசித்தார்கள். இன்னொரு பிரிவினர் தாளை மூடிவிட்டு நினைவில் இருப்பதை எழுதினார்கள். ஐந்து நிமிடத்தில் கேட்டபோது திரும்ப வாசித்தவர்களே முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நிலைமை தலைகீழ். மூடிவைத்து நினைவுகூர்ந்தவர்களுக்குத்தான் அதிகம் தங்கியிருந்தது. பாணி எதுவானாலும் இது பொருந்தும்.

ஆகவே உங்கள் படிப்பகத்தில் ஒரு பிள்ளைக்கு எழுத்து ஏறவில்லை என்றால், ‘இவன் எந்த வகை’ என்ற கேள்விக்கு முன்னால், எழுத்து இவனிடம் ஒரு நாளில் எத்தனை முறை வேலை வாங்குகிறது என்று கேளுங்கள். வீட்டில் கடைச் சீட்டை யார் எழுதுகிறார்கள்? நூறு நாள் வேலை அட்டையை யார் வாசிக்கிறார்கள்? அதைப் பிள்ளையிடம் கொடுக்கச் சொல்லுங்கள்.

இந்த ஊரில் நின்றுகொண்டு பாஸ்காவைப் பற்றிப் பேசாமல் போக முடியாது. இன்றிருக்கும் இந்தக் கோயில் 1747இல் கட்டியது. ஆண்டுதோறும் இங்கே நடக்கும் பாஸ்கா நாடகத்தையும் தேரையும் மதம் பார்க்காமல் சுற்றுப்பட்டு ஊரே வந்து பார்க்கிறது. நடிக்கிறவர்களில் ஒருவர் பக்கம் பக்கமாக வசனம் பேசுகிறார் என்றால், அது அவருக்குள் எப்படிப் போனது? கேட்டார், சொன்னார், எழுந்து நடந்தார், மற்றவர் பேசும் வசனத்துக்குப் பதில் சொன்னார், மறந்தார், மறுபடி சொன்னார். காது, வாய், உடம்பு, கூட்டாளி எல்லாம் சேர்ந்து ஒரு பாடம். நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அந்த மேடையை விழித்திருந்து பார்த்து வசனத்தை ஒப்பிக்கிறார்கள்! அதே பிள்ளைகளைத்தான் ‘மனப்பாடம் வராது’ என்று பள்ளியில் சொல்கிறார்கள்.

வீரமாமுனிவர் இங்கே பணியாற்றியவர் என்பதை நீங்கள் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஊரே சொல்லும். இத்தாலியிலிருந்து முப்பது வயதை ஒட்டி வந்து தமிழைத் தொடங்கியவர். காப்பியம் எழுதினார், அகராதி தொகுத்தார், இலக்கணம் செய்தார், எகர ஒகரக் குறிலையும் நெடிலையும் எழுத்தில் வேறுபடுத்தினார், கூடவே பரமார்த்த குரு கதை என்று சிரிப்புக் கதையும் எழுதினார். தமிழ் கற்க வருகிறவர்கள் உரைநடையைப் பழகுவதற்கு உதவட்டும் என்று எழுதியது அந்தக் கதை. ஒரே மொழியை எத்தனை வாசல் வழியாக நுழைந்து பார்த்திருக்கிறார் மனிதர்! பண்டிதர்கள் அவருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள், ஏடுகள் கிடைத்தன, நேரம் கிடைத்தது. அதே மதுரை மிஷனில் மேல்சாதியாருக்குச் சந்நியாசி சாமியார்கள், மற்றவர்களுக்குப் பண்டார சாமியார்கள் என்று இரண்டு வகைக் குருமார்கள் இருந்ததையும் சேர்த்தே நினைவில் வையுங்கள். ஞானத்துக்கே இரண்டு வரிசை போட்ட நாடு இது. வேங்கைவயல் இருக்கிற மாவட்டம் இது. குடிநீர்த் தொட்டியில் என்ன கலந்தார்கள் என்பது 2022 டிசம்பரில் தெரியவந்ததே குழந்தைகள் நோயில் விழுந்த பிறகுதான். அந்த மாவட்டத்தில் நின்றுகொண்டு, பிள்ளைகளை வகை பிரிப்பதை வெறும் கல்வி நுட்பமாக என்னால் பார்க்க முடியவில்லை.

ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். பார்வை குறைந்த பிள்ளைக்குப் பெரிய எழுத்தோ பிரெயிலோ வேண்டும். காது கேளாத பிள்ளைக்குச் சைகை மொழி வேண்டும். எழுத்துகள் இடம் மாறித் தெரிகிற பிள்ளைக்குப் பயிற்சி பெற்றவரின் உதவியும் தேர்வில் கூடுதல் நேரமும் வேண்டும். இதெல்லாம் பாணி இல்லை, உரிமை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இதற்குத்தான். பல ஊர்களில் ஒரு மூக்குக் கண்ணாடி இல்லாமல் ‘மக்கு’ ஆன பிள்ளைகள் இருக்கிறார்கள். படிவம் கொடுப்பதற்கு முன்னால் கண் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள்.

சரி, விரிவாக்குவது எப்படி? வழியை முடிவு செய்ய வேண்டியது பாடம். பிள்ளையின் பிறப்பும் இல்லை, படிவத்தின் விடையும் இல்லை. நிலப்படத்தை எல்லாரும் கண்ணால் பார்த்துத்தான் ஆக வேண்டும். செய்யுளை எல்லாரும் வாய்விட்டுச் சொல்லித்தான் ஆக வேண்டும். கடினமான ஒன்றை மட்டும் இரண்டு மூன்று வழியில் எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுங்கள்.

பின்னத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்புக்கு மேல் நம் பிள்ளைகள் விழுகிற முதல் பள்ளம் அதுதான். உங்கள் தெருவில் பாட்டிகளிடம் இன்னும் படியும் உழக்கும் இருக்கும். ஒரு படிக்கு இரண்டு உரி, நாலு உழக்கு, எட்டு ஆழாக்கு. மணலை அள்ளி அளக்க விடுங்கள். ஓர் உழக்கும் ஓர் ஆழாக்கும் சேர்ந்தால் எத்தனை ஆழாக்கு? மூன்று. இதைக் கையால் செய்த பிள்ளை, அடுத்து அதைப் படமாக வரையட்டும். பிறகு பக்கத்துப் பிள்ளைக்கு வாயால் விளக்கட்டும். பிறகு 1/4 + 1/8 = 3/8 என்று எழுதட்டும். மறுநாள் நோட்டை மூடிவிட்டு நினைவிலிருந்து செய்யட்டும். நாலு நாள் கழித்து இன்னொரு முறை. தயவுசெய்து பிள்ளையை உழக்கிலேயே விட்டுவிடாதீர்கள். ‘இவனுக்குக் கையால் செய்தால்தான் புரிகிறது’ என்று அங்கேயே நிறுத்திவிட்டால், நாமும் அரை நாள் பள்ளிக்கூடம்தான் நடத்துகிறோம். 1/4 என்ற குறியீட்டைத் தெரிந்தவருக்குத்தான் வட்டிக் கணக்கு புரியும், நிலப் பத்திரம் புரியும், பொறியியல் நுழைவு கிடைக்கும்.

பேச்சுத்தமிழையும் இதே மாதிரி நடத்துங்கள். பிள்ளை முதலில் தன் வீட்டுத் தமிழில் எழுதட்டும். ‘தண்ணி’ என்று எழுதியதைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு ‘தண்ணீர்’ பாடம் எடுத்தால் அன்றோடு எழுதுவதை நிறுத்திவிடும். ஆனால் ‘தண்ணி’யோடும் நிறுத்தாதீர்கள். பாடநூல் தமிழும் அதற்கு வேண்டும், ஆங்கிலமும் வேண்டும்.

இன்னொன்று, நீங்கள் யாரும் எதிர்பார்க்காதது. ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். உங்கள் படிப்பகத்துப் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் ஒரு வரி. இந்த வாரம் யார் உரக்க வாசித்தது, யார் பலகையில் எழுதியது, யார் கேள்வி கேட்டது, யார் இன்னொரு பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தது, யார் குடத்தில் தண்ணீர் கொண்டுவந்தது, யார் பாய் விரித்தது என்று குறியுங்கள். ஒரு மாதம் போதும். நாங்குநேரிக் கொடுமைக்குப் பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. பிள்ளைகளை அகர வரிசைப்படி உட்கார வைக்கச் சொன்னது அதில் ஒரு பரிந்துரை. சிலர் சிரித்தார்கள், உட்காருகிற இடத்தில் என்ன இருக்கிறது என்று. உங்கள் நோட்டை எடுத்துப் பார்த்தால் தெரியும். யார் முன்னால் உட்கார்ந்தார்களோ அவர்கள் பெயருக்கு நேரே வாசித்தது, கேட்டது என்று குறிகள் இருக்கும். பின்னால் உட்கார்ந்த பெண் பிள்ளையின் பெயருக்கு நேரே பாய் விரித்தது மட்டும் இருக்கும். நம் படிப்பகத்திலும் இருக்கும். அடுத்த மாதம் அந்தப் பிள்ளையைப் பலகைக்குக் கூப்பிடுங்கள், முன்னால் உட்கார்ந்தவன் பாய் விரிக்கட்டும். அவனுக்கும் அது ஒரு பாடம், அவனுடைய வீட்டில் கிடைக்காத பாடம்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இந்த மரத்தடியிலேயே பின்னம் பாடத்தைச் செய்து பார்க்கிறோம். மாத்தூர், கீரனூர் பக்கமிருந்து வந்த தோழர்கள் இரண்டு பேர் படியும் உழக்கும் கொண்டுவந்திருக்கிறார்கள். ஆழாக்கு கிடைக்கவில்லை. ஊருக்குள் யாராவது பாட்டியிடம் கேட்டு வாங்கிவர முடியுமா?